ரெசினுக்கு அடியில் ஒரு இன்லேண்டு லெட்டர்

கண்ணாடிபோல் இறுகும் ரெசின் என்ற பிசினை மேலே ஊற்றிய படத்தையும் ஊற்றாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருகிறவர்கள் கை முதலில் ஊற்றியதன் மேல்தான் போகும். குறையாகச் சொல்லவில்லை, எனக்கே அப்படித்தான் போகிறது. வெட்டி ஒட்டிய தாள்களின் மேல் அந்தப் பளபளப்பு ஏறியதும், அதுவரை பேப்பர் வேலையாக இருந்தது ஒரு பொருளாகிவிடுகிறது. நிறம் ஆழம் கொள்கிறது. கறுப்பு நன்றாகக் கறுக்கிறது. ஓரம் தூக்கிக்கொண்டு நின்ற துண்டுகளெல்லாம் அடங்கிப் படுத்துவிடுகின்றன. சுமாரான கொலாஜ்கூட நல்ல கொலாஜ் மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. கடைசியாகச் சொன்னேனே, அதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். பழைய பஸ் டிக்கெட்டையும் காய்ந்த இலையையும் கண்ணாடி போன்ற ஒன்றுக்குள் போட்டால் எதுவும் அழகாகத்தான் தெரியும். அப்படியானால் அழகு யாருடையது, ஒட்டினவளுடையதா, ஊற்றினதுடையதா?

நான் செய்வது ஒன்றும் பெரிய கலை இல்லை. பழைய தாள் சேர்ப்பேன், வெட்டுவதைவிட அதிகம் கிழிப்பேன், ஒட்டுவேன். சேலத்தில் இருப்பவளுக்குத் தாளுக்குப் பஞ்சமே இல்லை. பழைய பேப்பர் கடை மூட்டைகளைக் கிளறினால் சினிமாப் பாட்டுப் புத்தகம் வரும், வெள்ளிப் பட்டறை பில் வரும், மாம்பழக் கூடையில் விரித்து மாம்பழ வாசனை ஏறிய செய்தித்தாள் வரும், வேட்டி மடிப்பில் வைக்கும் லேபிள் வரும், அதிர்ஷ்டமிருந்தால் நெசவாளர் வீட்டில் யாரோ கட்டம் கட்டமாக நிரப்பி வைத்த கிராஃப் தாள்கூட வரும். இவற்றை மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையால் ஒட்டுவது என் வழக்கம். ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு வேறு பசை தேடுவானேன்? போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். நான் கலப்பதில்லை. செம்பு உப்பு நாளடைவில் தாளையே தின்றுவிடும், சுவரில் ஒரு வாரம் நின்றால் போதும் என்கிற போஸ்டருக்குத்தான் அது சரி.

மாவுப் பசையில் எனக்குப் பிடித்தது, அது விட்டுக்கொடுக்கும் என்பதுதான். இடம் மாறி ஒட்டிவிட்டால் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டுவைத்தால் போதும், தாள் தானாக எழுந்து வந்துவிடும். அருங்காட்சியகங்களில் பழைய ஆவணங்களைச் செப்பனிடுகிறவர்களும் இன்றுவரை கோதுமை ஸ்டார்ச் பசையைக் கைவிடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்னால் வருகிறவர் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருக்கலாம், அவர் நம் வேலையைப் பிரித்து வேறு மாதிரி செய்ய நினைத்தால் அதற்கு வழி விட்டுவைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஒழுக்கம். அதை எங்கோ படித்த நாளிலிருந்து நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரெசின் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு இது நல்ல கௌரவமான காரணமாகவும் அமைந்துவிட்டது. "பளபளப்பு பிடிக்கவில்லை" என்றால் ரசனைக் கோளாறு என்பார்கள். "பிரிக்க முடியாது" என்றால் வாயை மூடிக்கொள்வார்கள்.

பிரிக்க முடியாது என்பது உண்மைதான். எபாக்ஸியில் இரண்டு பாட்டில்கள். ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்டனர். கலந்ததும் இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எல்லாத் திசையிலும் வலைபோல் பின்னிக்கொள்கின்றன, அந்த வேலையில் சூடும் கிளம்புகிறது. பின்னி முடிந்தபின் சூடுகாட்டினால் இளகும், கருகும், ஆனால் பழையபடி திரவமாகாது. அசிட்டோனில் போட்டால் உப்பும், மிருதுவாகும், கரையாது. வீட்டுக்கு வீடு தெரிந்த அரால்டைட்டும், தண்ணீர்த் தொட்டி ஓட்டையை அடைக்கும் எம்-சீலும் இதே குடும்பம்தான். இவற்றின் முன்னோடிகளில் ஒருவரான சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் இந்தப் பிசினை 1930-களில் உருவாக்கியது பல் செட் செய்வதற்காக. வாய்க்குள் வருஷக்கணக்கில் ஈரத்திலும் சூட்டிலும் கிடந்து அசையாமல் இருக்க வேண்டிய ஒன்றுக்காகப் பிறந்தது, என் பாட்டுப் புத்தகத் துண்டை விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாதுதான்.

என் கட்சிக்கு நான் வைத்திருந்த பெரிய சாட்சி மேரி டிலேனி. 1772-ல், தன் 72-வது வயதில், கலர்த்தாளைக் கத்தரித்துப் பூக்களைச் செய்ய ஆரம்பித்த இங்கிலாந்துப் பெண்மணி. கண் மங்கும்வரை ஏறக்குறைய ஆயிரம் பூக்களைச் செய்தார். கறுப்புப் பின்னணியில், ஒரு இதழுக்கே பல நிறத் தாள்கள். இன்றும் அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மேலே ஒரு சொட்டு பிளாஸ்டிக் கிடையாது. 250 வருஷமாகத் தாளும் பசையுமாகவே நிற்கின்றன, உனக்கு ரெசின் எதற்கு என்று, ரெசின் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாள் குடிக்கும்

இவ்வளவு பேசினாலும் ரெசின் வேலையை விட்டவள் இல்லை நான். ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்கிறார்கள், ஊற்றிக் கொடுக்கிறேன். அதிலேயே பழகிப் பழகி ஓரளவு கைவந்தும் விட்டது. கொலாஜில் ரெசினின் பெரிய எதிரி நேரே தாள்தான். தாள் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணமே அதன் நார்களுக்கு நடுவே இருக்கும் காற்று. நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறிமாறிப் போகும்போது வெளிச்சம் சிதறுகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்தக் காற்று இருந்த இடத்தில் ரெசின் புகுந்துவிட்டால், அதுவும் நாரும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால், சிதறல் நின்றுபோகிறது. பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி தாள் கண்ணாடித்தனமாகிவிடுகிறது. செய்தித்தாளில் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் எழுந்து வரும். நடிகையின் கன்னத்தில் லாட்டரி ரிசல்ட் தெரியும். அதோடு, வெளியேறிய காற்று குமிழாக மேலே வந்து நிற்கும்.

அதனால் ஊற்றுவதற்கு முன் தாளின் வாயை அடைக்க வேண்டும். தண்ணீர் விட்டு இளக்கிய ஃபெவிக்காலை மேலேயும், முக்கியமாக ஓரங்களிலும், மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசிக் காயவிட்டு, சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எங்கும் சீராக மினுங்க வேண்டும். மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் அங்கே தாள் குடிக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம். இப்போதைய பஸ் டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுவேன், மெஷினில் வரும் டிக்கெட் சூட்டில் எழுத்து விழும் தாள், குமிழை உடைக்க மேலே ஹீட் கன் காட்டினால் முழுசாகக் கறுத்துவிடும், காட்டாவிட்டாலும் சில மாதங்களில் எழுத்து தானே ஓடிவிடும் என்று. பழைய கலர் டிக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மற்றதெல்லாம் பொறுமைதான். ஒரு சதுர அடிக்கு 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்ற சுமார் 280 மில்லி வேண்டும். பலகையை ரசமட்டம் வைத்துப் பார்த்து டம்ளர்கள் மேல் தூக்கி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காலையில் எல்லாம் ஒரு மூலையில் கூடியிருக்கும். பாட்டிலில் போட்டிருக்கும் விகிதம் அளவுக்கா எடைக்கா என்று படிக்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. மெதுவாக, சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கி, இன்னொரு டம்ளருக்கு மாற்றி அங்கேயும் கலக்க வேண்டும். கையுறை போட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வாசனை இல்லாததால் சாது என்று நினைத்து வெறுங்கையால் வேலை செய்த என் தோழி ஒருத்திக்கு இப்போது ஹார்டனர் மூடியைத் திறந்தாலே கண்ணிமை வீங்குகிறது. ஒருமுறை உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் மறப்பதில்லை.

சேலத்துக்கென்று ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே மதியம் ரெசின் கலந்தால் டம்ளரிலேயே கொதித்துப் புகை விட்டு இறுகிவிடும். விடியற்காலை ஊற்றலாமே என்றால் அதிலும் ஒரு சூது இருக்கிறது. வெயில் ஏற ஏற பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஊற்றிய ரெசினுக்குள் குமிழாகக் கிளம்பும். வெயில் இறங்குகிற நேரம்தான் தோது, பலகை குளிரக் குளிரக் காற்று உள்ளே சுருங்கும். ஆகவே சாயங்காலம். சாயங்காலமென்றால் கொசு. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுவதற்குள் ஒன்றாவது வந்து உட்கார்ந்துவிடும். என் வேலைகளில் கூர்ந்து பார்த்தால் சேலத்துக் கொசு ஒன்றிரண்டு சாசுவதமாக நிற்கும்.

ஏற்காட்டு அம்மா

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாகலூர் போகும் வழியில் ஒரு ஓட்டு வீடு. அதில் தனியாக இருக்கும் ஒரு அம்மா, பேரன் மூலமாக என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தபோது மஞ்சு இறங்கி, முற்றத்துச் சில்வர் ஓக் மரமே தெரியவில்லை. உள்ளே போனதும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். "இதையெல்லாம் ஒட்டி, மேல கண்ணாடி மாதிரி ஊத்திக் குடு கண்ணு. பேரன் போன்ல காட்டினான், காபிக் கொட்டையெல்லாம் போட்டு மேசை பண்ணியிருந்தாங்க. அந்த மாதிரி."

டப்பாவில் இருந்தவை: காபிப் பழமான செர்ரியை எடை போட்ட துண்டுச்சீட்டுகள், சேலம்–ஏற்காடு பஸ் டிக்கெட்டுகள், கூலியாட்களின் வருகைப் பதிவேடான செக்ரோலிலிருந்து கிழிந்த ஒரு பக்கம், இன்லேண்டு லெட்டர் கட்டு ஒன்று, பிறகு மழைக் கணக்கு. அந்த மழைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னச் சின்ன பாக்கெட் டைரிகள். எஸ்டேட்டில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவது ரைட்டர் வேலை. அங்கே எழுதினதை வீட்டுக்கு வந்து தனக்கென்று ஒரு பிரதி எடுத்திருக்கிறார் மனிதர். இஞ்ச், சென்ட் கணக்கு. ஒரு இஞ்சில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். '0–35', '1–20', மழை இல்லாத நாளுக்கு ஒரு கோடு. பிப்ரவரி, மார்ச் பக்கங்களில் மட்டும் எழுத்து பெரிதாகிறது. பூ மழை அப்போதுதான், அது ஒன்று சரியாக விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்கக் காபி பூக்கும், தவறினால் அந்த வருஷத்து வெள்ளாமையே தவறும். ஒரு பக்கத்தில் '1–05' என்பதற்குப் பக்கத்தில் தமிழில் "அப்பாடா" என்று எழுதியிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கை வரவில்லை. அம்மாவிடம் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். இதெல்லாம் அசல், ஊற்றிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. நான் நன்றாக ஸ்கேன் பண்ணி, லேசர் பிரின்ட் எடுத்து, பிரதியை ஒட்டி ஊற்றித் தருகிறேன், அசலை டப்பாவிலேயே வையுங்கள் என்றேன். இங்க்ஜெட் பிரின்ட் என்றால் பசை பட்டதும் மை ஓடும், லேசர் ஓடாது என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவைக் கழற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடி போட்டுப் பிரேம் பண்ணினதுதான். மலை ஈரத்தில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்போதோ பிரேம் மாற்றலாம் என்று யாரோ பிரித்திருக்கிறார்கள், மாப்பிள்ளையின் பாதி முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. மீதியில் பூசணம் வட்டம் வட்டமாகப் பூத்திருந்தது.

"பிரிச்சுப் பாக்க யாரு வரப்போறாங்க கண்ணு? இந்த வீட்ல பிரிச்சுப் பாக்கறது ராமபாணப் பூச்சிதான்."

பதிலுக்கு நானும் விடவில்லை. ரெசின் ஊற்றினாலும் தாளுக்குள் இருக்கும் அமிலம் தாளுக்குள்தான் இருக்கும், மட்டமான காகிதம் உள்ளேயே பழுப்பதை அது முழுசாக நிறுத்தாது என்றேன். வெயில் பட்டால் ரெசினே மஞ்சளாகும், கடைக்காரர்கள் 'மஞ்சளாகாது' என்று சொல்வதெல்லாம் தள்ளிப்போடும் மருந்து சேர்த்திருக்கிறோம் என்பதற்குத்தான் என்றேன். "வெயிலுக்கு ஒரு திரை போட்டா ஆச்சு" என்று முடித்துவிட்டார்.

டிலேனியின் பூக்கள் என் ஞாபகத்துக்கு வந்தன. 250 வருஷம் அவை வெறும் தாளாக நிற்பது தாளின் சாமர்த்தியம் மட்டும் இல்லையே. இருட்டான அலமாரி, அளந்து வைத்த ஈரப்பதம், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள், இத்தனையும் பக்கத்தில் நிற்கின்றன. பிரிக்கும்படி விட்டுவை என்ற தர்மத்துக்குள், பிரிக்க ஒரு கெட்டிக்காரர் கட்டாயம் வருவார் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாகலூர் வழி ஓட்டு வீட்டுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. பேரன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். வீடு யார் கைக்குப் போகுமோ தெரியாது. தகர டப்பா போகிற இடம் எங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடை, அங்கிருந்து என்னைப் போல ஒருத்தியின் கத்தரிக்கோல். இதை நினைத்தபோது கொஞ்சம் கூசியது.

சரி, அசலையே ஒட்டலாம் என்று ஒப்புக்கொண்டு, எதை எங்கே வைப்பது என்று தரையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அம்மா இன்லேண்டு கட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவினார். "இதையும் வெய்யி. ஆனா பிரிக்காம. மடிச்ச மாதிரியே. அட்ரஸ் மட்டும் மேல தெரியட்டும்."

"உள்ளே இருக்கிறதை யாரும் படிக்க முடியாதேம்மா" என்றேன், அசடு மாதிரி.

"ஆமா. அதுக்குத்தான் கேக்கறேன். ஊத்தினப்புறம் பிரிக்கவே முடியாதுன்னு சொன்னியே, நெசந்தானே?"

எத்தனையோ பேரிடம் ஒரு குற்றச்சாட்டாக நான் சொல்லி வந்த வாக்கியம் அது. அதை அவர் உத்தரவாதமாக வாங்கிக்கொண்டார். கொளுத்திவிட்டிருக்கலாம், கொளுத்த மனசில்லை. டப்பாவிலேயே விட்டுவிட்டால் தனக்குப் பிறகு யாராவது படிப்பார்கள். வைத்திருக்கவும் வேண்டும், படிக்கவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த வேலையைச் செய்ய என் மாவுப் பசையால் முடியாது. பீரோப் பூட்டாலும் முடியாது, சாவி யாரிடமாவது போகும். நான் திட்டிக்கொண்டிருந்த பிசின் ஒன்றால்தான் முடியும்.

அடைப்பது

இதில் ஒரு சங்கடம் இருந்தது, மலை இறங்கி வரும்போதுதான் அது உறைத்தது. தாள் குடித்தால் கண்ணாடித்தனமாகும் என்றேனே. இன்லேண்டு லெட்டர் தாளோ மெல்லிசு. ஓர் ஓரத்தில் அடைப்பு விட்டுப்போய் ரெசின் மடிப்புக்குள் இறங்கினால், உள்ளே இருக்கும் எழுத்து மேலே தெரிய ஆரம்பிக்கும். யாரும் படிக்கக் கூடாது என்று ஒப்படைத்த கடிதத்தை, சுவரில் மாட்டி, எந்நாளும் அழியாதபடி, எல்லாரும் படிக்கும்படி செய்து கொடுத்துவிடுவேன். அவருடைய ரகசியம் முழுக்க என் ஃபெவிக்கால் பூச்சின் நாணயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை போனபோது விஷயத்தைச் சொன்னேன். மடிப்புகளுக்கு நடுவே கறுப்புத் தாள் ஒன்று இருந்தால் நல்லது, ஆனால் அதைச் செருக நான் கடிதத்தைத் திறக்க மாட்டேன் என்றேன். பழைய போட்டோ ஆல்பத்திலிருந்து கறுப்புப் பக்கம் ஒன்றை அம்மாவே கிழித்தெடுத்தார். நான் அளவு பார்த்து வெட்டிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, முதுகை எனக்குக் காட்டியபடி, செருகினார். கொஞ்ச நேரமாயிற்று. படித்தார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி என்னிடம் நீட்டும்போது மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் இழுத்து இழுத்துத் தேய்த்துப் படிய வைத்தே கொடுத்தார். அனுப்பினவர் விலாசம் அடியில் போகும்படிதான் ஒட்ட வேண்டும் என்றார். அதை நான் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

மழைக் கணக்கு வேறு விதமாகச் சோதித்தது. ரைட்டர் கையில் அகப்பட்டதைக் கொண்டு எழுதியிருக்கிறார். சில வருஷம் ஊற்றுப் பேனா, தண்ணீர் பட்டால் கரையும். சில வருஷம் பால் பாயின்ட், தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட் வகையறா பட்டால் ஓடும். இடையில் ஒரு டைரி முழுக்கக் காப்பியிங் பென்சில். சாதாரணப் பென்சில் மாதிரிச் சாம்பல் நிறமாகத் தெரியும், ஓரத்தில் ஈரக் குச்சியால் தொட்டதும் பளிச்சென்று ஊதா பூத்தது. ஃபெவிக்கால் பூசினால் அந்த வருஷம் பூராவும் ஊதா மழையாகிவிடும். கடைசியில், முதலில் அக்ரிலிக் ஸ்பிரேயை எட்ட நின்று, தாளில் விழுவதற்குள் பாதி காய்ந்துவிடுகிற மாதிரிப் புகையாக அடித்து, காயவிட்டு, மறுபடி அடித்து, அது ஒரு தோலாக ஏறினபின்தான் ஃபெவிக்காலைத் தொட்டேன். எழுதாத ஓரத்தில் கோடு போட்டுச் சோதித்துப் பார்க்காமல் ஒரு பக்கத்தைக்கூட ஒட்டவில்லை. "அப்பாடா" பக்கம் நல்லவேளையாகப் பால் பாயின்ட்.

ஊற்றியது சேலத்தில், என் மாடி அறையில். ஏற்காட்டிலேயே செய்யலாமா என்று அம்மா கேட்டார், அந்தக் குளிரில் ரெசின் பாகுபோல் தடித்துக் குமிழை வெளியே விடாது, ஈரக் காற்றில் ஹார்டனர் மேலே பிசுபிசுவென்று மங்கலாகப் பூத்தும்விடும் என்று சொல்லிக் கீழே கொண்டுவந்துவிட்டேன். வெயில் இறங்கினபின் நடுவில் ஊற்றி, பிளாஸ்டிக் அட்டையால் ஓரங்களுக்குத் தள்ளினேன். கடிதம் மற்றவற்றைவிட மேடாக இருந்ததால் ரெசின் முதலில் அதைத் தீவாக விட்டுவிட்டுச் சுற்றி ஓடியது, பிறகு ஓரங்களில் ஏறி, மேலே மூடியது. ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே குமிழ்களை உடைத்தேன். கண் மட்டும் கடிதத்தின் நான்கு ஓரங்களிலும். குடிக்க ஆரம்பித்தால் அங்கிருந்துதான் தாள் இருண்டு எண்ணெய்க் கறைபோல் உள்ளே பரவும். ஒரு மூலையிலிருந்து சின்னக் குமிழ் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. ஊசியால் குத்தினேன், வந்தது, குத்தினேன். ரெசின் தடிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் அது அடங்கியது. தாள் நிறம் மாறவில்லை. மேட்டைச் சமன்படுத்த மறுநாள் உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, இன்னொரு பூச்சு. எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கடிதத்தைத்தான் பார்த்தார். அவர் பெயர், எஸ்டேட் விலாசம், பாதி அழிந்த தபால் முத்திரை. விரலால் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. "ம்" என்றார். பிறகுதான் மழைக்குப் போனார்.

இதற்குப் பிறகு நான் ரெசின் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் சொந்தக் கொலாஜ்கள் இப்போதும் மாவுப் பசைதான், ஓரம் தூக்கிக்கொண்டுதான் நிற்கின்றன, தொட்டால் சரசரக்கின்றன. காபிக் கொட்டை மிதக்கும் தட்டுகளைப் பார்த்தால் இப்போதும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ரெசின் இல்லாமல் நிற்காத படத்துக்கு ரெசின் கிடையாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன், ஆர்டர் கொடுப்பவர்களோடு அதனால் அவ்வப்போது சச்சரவும் வருகிறது. மாறினது ஒன்றுதான். அசலைக் கொண்டுவருகிறவர்களிடம் "இதைப் பிரிக்க முடியாது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வதில்லை. சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். சிலர் டப்பாவை மூடிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுகிறார்கள். போவதும் நல்லதுதான். சிலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது.

போன மாதம் பேரன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். விடுமுறைக்கு ஏற்காடு வந்திருந்தபோது படத்தைப் பார்த்திருக்கிறான். நன்றாக இருக்கிறது என்று கொஞ்சம் சுற்றிவளைத்துவிட்டு, "அக்கா, அந்த ரெசினைக் கரைக்க ஏதாச்சும் கெமிக்கல் இருக்கா?" என்றான். இல்லை, உப்ப வைக்கிற சரக்கு இருக்கிறது, ஆனால் ரெசின் இளகுவதற்கு முன்னால் தாளும் மையும் போய்விடும் என்றேன். "டார்ச் அடிச்சும் பாத்தேன், ஒண்ணுமே தெரியல" என்றான். தெரியாது, பின்னால் பிளைவுட், நடுவில் கறுப்புத் தாள் என்றேன். "நீங்க படிச்சிருப்பீங்கதானே?" இல்லை என்றேன், நம்பவில்லை. பாட்டியிடமே கேளேன் என்றேன். கேட்டானாம். "மழைக் கணக்குதான்டா" என்றாராம்.